நிறம் கேட்டு வந்தவர்கள்

ஓவுலுவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
டெல்லெர்வோவும் தங்கை ஐலியும்
ஆளுக்கொரு பையோடு ஆவணக் காப்பகத்துக்கு வந்தார்கள்.
ஒருவரோடொருவர் பேசவில்லை.

முதல் பையில் படம். எழுபத்தாறில் எடுத்தது.
ஏரிக்கரை, அண்ணன் ஓலாவி,
அன்றுதான் அவன் வண்ணம் பூசி முடித்த படகு.
இப்போது எல்லாம் ஒரே செம்மை:
தண்ணீர், வானம், ஓலாவியின் பல்.

"வெயிலே படவில்லை, அலமாரிக்குள்தான் இருந்தது" என்றாள் டெல்லெர்வோ,
குற்றம் சாட்டியதுபோல.
நீலச்சாயம் இருட்டிலும் போகும் என்றேன்.
யாரும் பார்க்காமலேயே போகும்.

"படகு பச்சை."
"நீலம்."
எத்தனை கிறிஸ்துமஸாக நடக்கும் வழக்கு என்று
நான் கேட்கவில்லை.
படகு எப்போதோ விறகாயிற்று.
ஓலாவி கோதன்பர்க்கில் மண்ணுக்குள்.

இரண்டாம் பையில் ஒரு வட்டு.
தடிமனாக, பிஸ்கட் அளவில்; நூறு மெகாபைட்.
தொண்ணூற்றெட்டில் அவன் அனுப்பியது:
'படம் கெடுமுன் இதில் ஏற்றிவிட்டேன், பத்திரம்.'

அதைப் படிக்கும் கருவி எங்களிடம் இல்லை.
ஒன்பது நாள் தேடினேன்.
ராஹேவில் ஒரு பல் மருத்துவர்
பழைய எக்ஸ்ரேக்களுக்காக ஒன்றை வைத்திருந்தார்.
கேபிள் வேறிடம். கேபிளுக்கேற்ற கணினி வேறிடம்.
மின்கலம் செத்த அந்தக் கணினி
இன்று 1904 ஜனவரி ஒன்று என்றது.
சரி என்றேன்.

டிக். டிக். டிக்.
வட்டு சாகும்போதும் இதே சத்தம்தான்.
அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

திறந்தது.
ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது,
ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்ட
தூரிகை மயிர் ஒன்றுகூட.
எல்லாம் சாம்பல்.

நிறத்தோடு என்றால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும்.
நிறத்தை உதறிவிட்டுச் சேமித்திருக்கிறான்.

ஐலிதான் முதலில் சிரித்தாள்.
"கஞ்சப்பயல். ஒரே காப்பித்தூளை இரண்டு முறை காய்ச்சுவான்."
டெல்லெர்வோ கண்ணைத் துடைத்தாள்,
சிரிப்பாலா என்று தெரியவில்லை.

நெகட்டிவ் இருக்கிறதா என்றேன், வழக்கம்போல.

"என் ஃப்ரீசரில்," ஐலி தரையைப் பார்த்தாள்.
"மீனுக்கும் லிங்கன்பெர்ரிக்கும் நடுவில், இரண்டு பைக்குள்.
குளிரில் வைத்தால் நிற்கும் என்றார்கள்."

இத்தனை வருஷமாகவா?

எடுத்ததும் பிரிக்கக் கூடாது,
ஒரு நாள் முழுக்க மூடியபடியே வெளியில் வைத்து
வியர்த்து அடங்கட்டும் என்றேன்.
"தெரியும்," என்றாள்.

டெல்லெர்வோ கோட்டுப் பொத்தான்களைப் போட்டாள்,
கீழிருந்து மேலாக, ஒன்றைத் தவறவிட்டு.
"அங்கேயே இருக்கட்டும்," என்றாள்.
"நீலமாக இருந்து தொலைத்தால்?"

திங்களுக்குள் கருவியைத் திருப்பித் தர வேண்டும்.
ராஹேவில் யாருடைய பழைய தாடையோ
காத்திருக்கிறதாம்.