முப்பத்தேழாம் எண் சட்டை

மைதானத்துக்கு அடியில் என் வேலை.
மாஸ் ஆறு சுவருக்கு அந்தப் பக்கம்.
பத்தொன்பது வருடமாக
மேலே நடக்கும் ஆட்டத்தை
மறுநாள் காலையில்தான் பார்க்கிறேன்,
ஈரமாக, உட்புறம் வெளியே திரும்பி,
கூடை கூடையாக.

முழங்கையில் புல் என்றால் சறுக்கி விழுந்திருக்கிறான்.
கழுத்தருகே கிழிசல் என்றால்
எவனோ பிடித்து இழுத்திருக்கிறான்.
சேறு எனக்குப் பொய் சொன்னதில்லை.

முப்பத்தேழாம் எண் ஓர் ஆகஸ்டில் வந்தது.
பெயர் ரோக்வி. ஃபாரோ தீவுகளாம்.
வரைபடத்தில் தேடினேன்:
கடலில் யாரோ உதிர்த்த ரொட்டித் துணுக்குகள்.
அங்கே ஒரே பருவத்தில் இருபத்தாறு கோல்.
காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று
கணக்குப் போட்டு அடிப்பானாம்.
அவனை விற்ற காசில் ஊர்க் கிளப்
பார்வையாளர்களுக்குக் கூரை போட்டதாம்.
சொன்னது யோரிஸ். பந்துகளுக்குக் காற்றடிப்பவன்,
பேச்சுக்கும் கொஞ்சம் அடிப்பான்.

முதல் வாரம் அந்தச் சட்டை
நான் மடித்துக் கொடுத்தபடியே திரும்பி வந்தது.
இரண்டாம் வாரமும்.
விதிப்படி அதையும் துவைக்க வேண்டும்.
அறுபது டிகிரியில், நாற்பது நிமிடம்
இல்லாத அழுக்கை எடுத்தேன்.

நவம்பரில் அக்குளில் மட்டும் வியர்வை.
எல்லைக்கோட்டோரம் ஓடி ஓடி
உடம்பைச் சூடேற்றியிருக்கிறான்,
கூப்பிடுவார்கள் என்று.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப
என் வேலை என்னை விட்டதில்லை.

ஆனால் அதே கோடையில் வந்தவன்தான்
பதினான்காம் எண், டெல்வின்.
அதைவிடச் சின்ன ஊர்.
ஜனவரிக்குள் அவனுக்கு மூன்று சட்டை கிழிந்தது,
நாலாவதைத் தைத்துக் கொடுத்தேன்.
பெரிய கிளப் ஆளை வளர்க்குமா, விழுங்குமா என்று
மேலே கேன்டீனில் ராத்திரியெல்லாம் சண்டை.
எனக்குத் தெரிந்தது இரண்டு சட்டைகள்.
அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஒருமுறை ரோக்வி கீழே இறங்கி வந்தான்.
காலுறை கேட்டான், வாங்கிக்கொண்டும் போகவில்லை.
உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான்.
"இந்தச் சத்தம் எங்கள் ஊர்க் காற்று" என்றான்.
"மேலே காற்றே கிடையாது.
நாலு பக்கமும் சுவர். தலைக்கு மேல் கூரை.
எங்கே அடித்தேனோ அங்கேயே போகிறது பந்து.
அதுதான் பழக்கமில்லை."

சம்பளமாவது நல்லதா என்றேன்.
அப்பாவின் படகுக்கடன் அடைந்துவிட்டது என்றான்.
அதைச் சின்ன விஷயம் என்று
நான் சொல்லமாட்டேன்.
நானும் கடன் கட்டுகிறவள்.

ஏப்ரலில் நாலு நிமிடம் ஆடினான்.
இடது காலுறையில்
கட்டைவிரல் அகலத்துக்குச் சேறு.
அன்றைக்குக் கூடையின் அடியிலிருந்து
அதைத்தான் முதலில் எடுத்தேன்.

ஜூலையில் டென்மார்க்குக்கு விற்றார்கள்,
வாங்கிய விலையில் பாதிக்கு.
முப்பத்தேழை வேறொரு பையனுக்குக் கொடுத்தார்கள்.
எண் என்ன செய்யும், பாவம்.

மூன்று வருடம் கழித்து
அந்த டேனிஷ் அணி கோப்பை ஆட்டத்துக்கு இங்கே வந்தது.
நாலு பூஜ்யத்தில் தோற்றது.
மறுநாள் காலை எங்கள் சிவப்புக் குவியலுக்கு நடுவே
மஞ்சளாக ஒன்று.
ஆட்டம் முடிந்து டெல்வின் மாற்றிக்கொண்டதாம்.
எண் ஒன்பது.
மார்பெல்லாம் புல், தோளில் கிழிசல்,
விளிம்பில் பழுப்பாய் ரத்தம்,
யாருடையது என்று தெரியவில்லை.
முதுகில் அவன் பெயர்,
ஓர் எழுத்து உரிந்து தொங்கியது.

இங்கே வராமலிருந்தால்
இந்த அழுக்கு அவனுக்கு முன்பே வந்திருக்குமா,
இல்லை வந்தேயிருக்காதா?
பிரித்துச் சொல்ல ஒரு சோப்பும் இல்லை.

தண்ணீரைச் சூடாக்காமல் தனியாகத் துவைத்தேன்.
கறை முழுக்கப் போகவில்லை.
நானும் அவ்வளவாகத் தேய்க்கவில்லை.

டெல்வின் இன்னும் வந்து கேட்கவில்லை.
இயந்திரத்துக்குப் பின்னால், குழாய் மேல்
காய்கிறது.