கொட்ஹார்ட்டில் ஒரு சராசரி

எம்மன்புறூக்கில் காலை ஆறு மணி.
சுவரிலிருந்து வயரைக் கழற்றினார் குகநேசன்,
சேலைன் ஊசி கழற்றும் தாதியின் கவனத்தோடு.
பிக்கப்பின் முதுகில் இரண்டு கடைக் குளிரூட்டிகள்,
ஒரு கொம்பிரசர், கயிறு, தார்ப்பாய்:
அறுநூற்று நாற்பது கிலோ.
பெலின்சோனாவில் கடைக்காரர் பத்து மணிக்கு வாசலில் நிற்பார்.

நான் ஏறி, பெல்ட்டை இழுத்து,
கணக்குக் கொப்பியை மடியில் வைத்தேன்.
லீசிங் மாதம் அறுநூற்று எண்பது பிராங்.
கையெழுத்து வைத்துவிட்டு வந்துதான்
எனக்குச் சொன்னவர்.
"பெற்றோலில மிச்சம் பிடிச்சுக் காட்டுறன்.
நூறுக்கு ஏழு லீற்றர். அதுக்கு மேல போகாது."

சத்தமே இல்லாமல் வெளிக்கிட்டது வண்டி.
பழைய டீசல் வானுக்குள்
பன்னிரண்டு வருடம் சண்டை பிடித்திருக்கிறோம்.
அதன் இரைச்சலில் பாதிச் சொல் வழியில் விழுந்துவிடும்.
விழுந்தது எது என்று இருவரும் தேடியதில்லை.
அதனால்தான் இவ்வளவு தூரம் ஓடியதோ என்னவோ,
வானும், மற்றதும்.

இதில் மூச்சு விட்டாலும் கேட்கிறது.
சீலிஸ்பேர்க் சுரங்கத்துக்குள்
நான் 'ச்' கொட்டியது கேட்டு
"என்ன?" என்றார்.
"ஒண்டுமில்லை."
அதுவும் நன்றாகக் கேட்டது.

திரையில் ஒரு பச்சை இலை துளிர்த்துத் துளிர்த்து
அவரை மெச்சிக்கொண்டிருந்தது.
லொறி ஒன்றின் முதுகுக்குப் பின்னால்
காற்றுக்கு ஒளித்து ஓடினார், எண்பதில்.
ஏசியை நிறுத்தினார்.
கண்ணாடியை இறக்கவும் விடவில்லை: காற்று பிடித்து இழுக்குமாம்.
ஜூலை மாதம்.
கொப்பி மட்டை தொடையில் ஒட்டியது.

அல்ட்டோர்ப் தாண்டப் பற்றறி முடிந்தது.
சராசரி ஒன்று தசம் எட்டு.
வெற்றி வீரனாய் அவர் என்னைப் பார்த்த நேரம்
வானொலி சொன்னது: கோஷெனன் சுரங்க வாயிலில்
ஒன்பது கிலோமீற்றர் வரிசை.
"மேலால போவம்," என்றேன்.
மலை அவருடைய கணக்கில் இருக்கவில்லை.

ஷொல்லனன் பள்ளத்தாக்கில் எஞ்சின் அலறியது.
வளைவுக்கு வளைவு ஏறியது எண்,
ஐந்து, ஐந்தரை, அன்டர்மாட்டில் ஆறு தசம் ஆறு.
ஹொஸ்பென்டாலுக்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கவில்லை.
அழுக்குப் பனி இன்னும் கரையாத ஒரு வளைவில்
ஏதோ சொன்னார்.
எஞ்சின் அதைத் தின்றுவிட்டது.
ஒரு கணம் பழைய வான் திரும்பி வந்ததுபோல் இருந்தது,
நானும் பேசாமல் விட்டிருக்கலாம்.

உச்சியில் ஒன்பது தசம் ஒன்று.
இறங்கி, முகம் கழுவி, சாவியை நீட்டினார்.
"நீ ஓட்டு."

கால் எடுத்தேன்.
வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது,
எஞ்சின் செத்த அமைதியில்
சில்லின் கீழ் வீதி மட்டும்.
பற்றறியில் பூச்சியம், மூன்று, ஏழு:
ஏற்றம் முழுக்க அவர் குடித்ததில் ஒரு பங்கை
மலை எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.
நியாயமே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

"மேல என்ன சொன்னனீங்கள்?"

இரண்டு வளைவு கழிந்தது.
"கேட்டிருந்தா வேண்டாமெண்டிருப்பாய்."

"ஓம்," என்றேன்.

விழுந்து போக எங்கும் இடமில்லாத சொற்கள்.
ஐரோலோவில் பற்றறி பதினாறு காட்டியது.
அதைத் தொடாமல் சேமிக்கும் பொத்தானை அமத்தினேன்,
ஏன் என்று எனக்கே தெரியாது.
பியாஸ்காவுக்குக் கிட்ட
ஒரு லொறியின் பின்னால் நான் ஒளிந்து ஓடுவதை
அவர்தான் கண்டுபிடித்துச் சிரித்தார்.

பெலின்சோனா. கடை வாசல்.
ஏழு தசம் ஒன்று.
கொப்பியைத் திறக்காமல் அவர் வெளியே பார்த்தார்.
கடைக்காரர் கை காட்டியபடி ஓடி வந்தார்.
நான் பொத்தானை விடுவித்து, பற்றறியில்,
பூனைபோல் அவரைக் கடந்து போனேன்.

"எங்க போறாய்?"

"பேசாமல் இருங்கோ.
இன்னொரு சுத்து."