ஒன்று புள்ளி இரண்டு

ஒன்று புள்ளி இரண்டு என்றது காகிதம்.
நாலுக்குள் இருந்தால் பயமில்லை என்றார்கள்,
கோத்தகிரியில் ஒருவர், ஊட்டியில் ஒருவர்.
வயசாச்சு, ராத்திரியில தண்ணியக் குறைங்க.
குறைத்தேன்.
சிறுநீரும் குறைந்தது,
பிறகு சொட்டு,
பிறகு ஒரு ராத்திரி அதுவும் இல்லை.
இடுப்பெலும்பில் யாரோ ஆப்பு வைத்து அடித்தார்கள்.
காகிதம் மட்டும் நலமாக இருந்தது.

முப்பத்தோரு வருஷம் அரவேணு ஆலையில் டீமேக்கர்.
வாடிய இலையை மீட்டரில் பார்த்தவனில்லை நான்.
ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரிப்பேன்.
உருண்டையாகவே கிடந்தால் பதம்.
துள்ளி எழுந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

கோயம்புத்தூரில் டாக்டர் மெகருன்னிசா
காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
கையுறை மாட்டினார்.
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.
சுவரில் உரக்கம்பெனி காலண்டர், போன மாசத்தது.
வெட்கம் அரை நிமிஷம்.
"கல்லா இருக்கே, சவரிமுத்து"
என்று சொன்னது விரல்தான்.

பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டு நூல் சதை.
பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.
அபூர்வமான வகை, நூறு பேரில் ஒருத்தருக்கு.
இது அந்த எண்ணை ஏற்றாது,
குரைக்காத நாய் மாதிரி.
"அபூர்வம்னா நல்லதுதானே டாக்டர்?"
கேட்டாள் பிலோமினா.
பதிலுக்கு ஒரு படத்தைக் காட்டினார்,
ஊதா நிறத்தில் நெருக்கியடித்த சின்னச் சின்ன செல்கள்.
எனக்குத் தெரியும் இந்தப் பொடியை.
எல்லாச் சல்லடையிலும் தப்பிக்
கடைசித் தட்டுக்கும் கீழே இறங்குவது,
கதவைத் திறந்தால் ஆலை முழுக்கப் பறப்பது.
டஸ்ட்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மருந்து, மூன்று நாள்,
இருபத்தோரு நாளைக்கு ஒருதரம்.
ஒருதரத்துக்கு ஒருதரம் குஞ்சப்பனை இறக்கம்,
மடியில் பிளாஸ்டிக் பை.
முடி போனது. மீசை போனது.
மீசைக்குத்தான் அழுதேன்.
காதில் ஓயாமல் சங்கு.
ஆலைச் சங்கு என்று வைத்துக்கொண்டேன்,
வேறு சங்கை நினைக்காமல்.
நாலு நிமிஷம் கூடப் புளித்த இலையைக்
கண்ணை மூடிக்கொண்டு சொன்ன நாக்கு,
அதுவும் போனது.
வெந்நீர், முதல் தர டீ, அவள் வைத்த ரசம்
எல்லாம் ஒரே தகரம்.

நாலாவது சுற்று முடிந்து ஸ்கேன்.
பாதிக்குமேல் சுருங்கியிருக்கு என்றார் டாக்டர்.
சிரித்தார், முழுசாக இல்லை.
"திரும்பி வர்ற குணம் இதுக்கு உண்டு.
இன்னும் ரெண்டு சுற்று போட்டுருவோம்."

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம்.
நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.
அரவேணு திருப்பத்தில்
ஜன்னல் வழியே வந்து மூக்கில் மோதியது
தீய்ந்த வாடை.
எவனோ ட்ரையர் சூட்டை ஏற்றிவிட்டிருக்கிறான்.
தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்:
எந்த மடையன்டா இன்னிக்கு ஷிப்டுல?
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்த பிலோமினா,
இழுத்த கையை எடுக்காமலே,
"இன்னொரு தடவ மோந்து பாருங்க" என்றாள்.