கழுவாமல் விட்ட இரண்டு முழம்

கொத்தமங்கலத்தில் அந்த வீட்டின் வடக்குச் சுவர்
நூற்றிருபது அடி.
எட்டுப் பங்காளிக்கும் பொது.
கணக்குப் பார்த்தால்
ஆளுக்குப் பதினைந்தடிப் பாசி.

கல்யாணம் வருகிறது, பளிச்சென்று வேண்டும் என்று
சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல் பதிவு.
ஆசிட் அடிங்க, ஒரே நாளில் முடியும் என்றது
கோயம்புத்தூர்ப் பங்கு.
அதற்குக் கட்டைவிரல் ஆறு.
ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார்.
அது எந்தப் பக்கம் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுவரின் காலடியில் ஒன்றரை அடி மண்,
அதற்குப் பத்திரத்தில் பங்கில்லை.
காவல்காரர் சம்சாரம் சூசையம்மா
அங்கே பதினோரு மிளகாய் வைத்திருந்தாள்,
ஒரு கறிவேப்பிலை.
யாரும் வைக்காமல் ஒரு கோவைக்கொடி.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
பம்பைப் பார்த்தாள்.
கேனைப் பார்த்தாள்.
பிறகு செடிகளை எண்ணினாள்,
எனக்குக் கேட்கும்படி.

கேனை நான் திறக்காததற்குக்
கருணை காரணமில்லை.
போன வருடம் பள்ளத்தூரில் ஒரு வீடு.
கேன் கேனாக ஊற்றினேன்.
சுண்ணாம்பு சீறியது, நுரைத்தது,
சுவர் புதுச் சட்டை மாட்டியதுபோல் நின்றது.
நல்ல பெயர்.
பாக்கி வாங்க ஒரு மாதம் கழித்துப் போனேன்.
சுவரோரத்துப் பவழமல்லி
தலையோடு கால்
காபித்தூள் நிறத்தில் நின்றது.
வெயில் என்றார் வீட்டுக்காரர்.
ஆமாம், வெயில்தான் என்று
நானும் சொல்லி நோட்டை எண்ணினேன்.
அது ஐப்பசி.
வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அதனால் இங்கே
விடியும் முன்னே மண்ணுக்குத் தண்ணீர்.
வயிறு முட்டக் குடித்த வேர்
அப்புறம் வருவதை அவ்வளவாகத் தொடாது.
மிளகாய்க்கெல்லாம் நனைத்த சணல்சாக்கு முக்காடு;
பிளாஸ்டிக் போர்த்தினால் எட்டு மணி வெயிலுக்கே
இட்லியாக வெந்துவிடும்.
மணலால் ஒரு குட்டி வரப்பு,
வழிந்து வரும் கறுப்பைச் சாக்கடைக்குத் திருப்ப.
பம்பு வேண்டாம், அது பூச்சையும் உரிக்கும்
இலையையும் உரிக்கும்.
தேங்காய் நார், தண்ணீர்,
மசியாத இடத்தில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா,
மீதியெல்லாம் என் தோள்பட்டை.

ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆனது.

கோவை மட்டும் வழிவிடவில்லை.
மழைநீர்க் குழாயைப் பிடித்து
மாடிவரை போயிருந்தது.
இழுத்தால் வந்துவிடும்.
உள்ளே ஒரு காய் பாதி சிவந்திருந்தது,
ஏதோ அணில் முன்பணம் கொடுத்துவைத்த மாதிரி.
அதை விட்டு, சுற்றிக் கழுவினேன்.

படம் எடுத்து அனுப்பினேன்.
"அது என்ன கறுப்பு?"
"கொடிங்க."
"கொடிக்குப் பின்னாடி?"
"பாசிங்க."
தட்டச்சு செய்கிறார்.
தட்டச்சு செய்கிறார்.
இருநூறு பிடித்துக்கொண்டு அனுப்பினார்கள்.
அந்த இரண்டு முழம்
எந்தப் பங்காளியின் பதினைந்தடியில் வருகிறதென்று
அவர்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லையாம்.

மாலையில் சாக்குகளை எடுத்தோம்.
தூங்கி எழுந்த தலைமுடியாய்
செடிகள் ஒருபக்கம் சப்பிக் கிடந்தன.
இலை இலையாக நல்ல தண்ணீர் விட்டேன்.
சூசையம்மா எண்ணிக்கொண்டே வந்து
பத்தில் நின்றாள்.

மூலையில் ஒன்றை
என் செருப்பே மிதித்திருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு ஈர்க்குச்சி ஊன்றி,
சேலை ஓரத்து நூலைக் கடித்து இழுத்து,
தண்டை நிமிர்த்திக் கட்டினாள்.
"பதினொண்ணு" என்றாள்,
என்னிடமா செடியிடமா தெரியாது.

பம்பை, திறக்காத கேனை வண்டியில் ஏற்றினேன்.
காரைக்குடிக்குப் போக
பள்ளத்தூர் வழிதான்.