பக்கம் 214

தோ பாயோ நூலகம். சனி, மூன்று மணி.
குளிர்சாதனம் எங்களைக் கொல்லப் பார்க்கிறது.
ஏழு பேர், ஒரே நாவல்:
ஓர் அயர்லாந்துக்காரர் எழுதிய பஞ்ச காலத்துக் கதை.
கிழங்கெல்லாம் மண்ணுக்குள் அழுகிய ஆண்டில்
ஓட்ஸ் மூட்டைகளோடு ஒரு கப்பல்
துறைமுகம் விட்டுப் போகிறது.

"போகாது," என்றார் காத்தமுத்து.
முப்பத்தோராண்டு பாசிர் பாஞ்சாங்கில்
பாரந்தூக்கி ஓட்டியவர்.
"அவ்வளவு பாரத்தோட, தண்ணி வத்துற நேரத்துல
ஒரு கப்பலும் அசையாது. எழுதினவனுக்குக் கடல் தெரியல."

ஹ்வீ லிங்குக்குக் காதல் போதவில்லை.
தாதி அங்கயற்கண்ணி
காய்ச்சல் கொட்டகை அத்தியாயத்தை இருமுறை படித்தாளாம்.
"நாத்தத்தைச் சரியா எழுதியிருக்கார்," என்றாள்,
பைக்குள் ஒளித்த கரிபாப்பைப் பிட்டபடி.
ஃபைரூஸ் நாற்பதாம் பக்கம் தாண்டவில்லை;
அதிகம் பேசியது அவன்தான்.

நான் பேசவில்லை.
என் கையிலிருந்த நூலகப் பிரதியில்,
கரையில் நிற்பவள் மூட்டைகளை எண்ணும் இடத்தில்,
யாரோ தமிழில், பென்சிலால்:
'இவள் ஏன் கத்தவில்லை?'
கீழே வேறொரு கை, நீல மையில்:
'கத்தினாள். அடுத்த பக்கம் பார்.'

பார்த்தேன்.
அடுத்த பக்கத்தில் சரக்குப் பட்டியல்.
கடைசிவரை தேடினேன்,
எங்குமே அவள் கத்தவில்லை.
அழிரப்பர் இருந்தது பையில். எடுக்கவில்லை.

லிஃப்டில் காத்தமுத்து
எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:
"தண்ணி ஏறியிருந்தா போகும்தான்.
நானா இருந்தா
ஏத்தியும் விட்டிருப்பேன்."