கூட்டக் குறிப்பில் இல்லாதது

முன்மொழியப்பட்டது. வழிமொழியப்பட்டது.
எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது.
பதினோரு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன்,
பியோரியா மகளிர் தொண்டு மன்றத்தின் செயலாளர்.
எல்லா வரியும் பட்டது பட்டது என்றே முடியும்.
பட்டவர் யார் என்பதை மட்டும்
குறிப்பேடு சொல்லாது.

பிப்ரவரி. ஆறு ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாய் நகர்ந்தது.
பழைய வினிகர் ஆலையின் கிடங்கில்
சனிக்கிழமைதோறும் டயப்பர் எண்ணுவோம்,
கட்டுக்கு இருபத்தைந்து.
ஹீட்டர் இருமும். விரல் விறைக்கும்.
கோடிக்கணக்கில் எண்ணிப் பழகிய வங்கிக்காரி
பத்தொன்பதில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

நான்காம் அளவு மட்டும் எப்போதும் மிஞ்சும்.
தேவை இல்லை போலும் என்று
குறைத்து வாங்கத் தீர்மானிக்கப்பட்டது.
(என் கையெழுத்துதான், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.)

யோலாண்டா ப்ரூயிட் அன்று கை தூக்கவில்லை.
மறுநாள் எட்டாம் எண் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி
முப்பது பவுண்டு நாய்த்தீனி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு
தண்டவாளத்தின் ஓரமாய், பனிச் சேற்றில்
கிடங்குவரை நடந்தாள்.
இருபத்தாறு நிமிஷம்.
"நாலாம் அளவுப் பிள்ளை
தூக்கினால் கனம், இறக்கினால் ஓட்டம்," என்றாள்,
மூட்டையை என் மேசைமேல் போட்டு.
என் காபி சிந்தியது.

நகர மன்றத்தில் பேச
தலைவி கெல்சி ஹார்ஷ்பார்கர் தயாராக இருந்தாள்.
வயது முப்பத்தொன்று. புதுக் கோட்டு.
நாற்பது படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் எங்கள் சின்னம்.
"நீங்கள் பேசுங்கள்" என்று யோலாண்டாவிடம் சொல்ல
அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.
அந்த இரண்டு வாரத்தையும் நான் பார்த்தேன்.
தலைமைப் பயிற்சி என்று நாங்கள் நடத்தும் எதிலும்
அது பாடமாக இல்லை.

ஒத்திகைக்கு விளக்குமாற்றுக் கட்டைதான் மைக்.
டயப்பர் பெட்டிகள்மேல் நாங்கள் உறுப்பினர்கள்.
"என் பெயர்" என்று தொடங்குவாள்,
தொண்டை அங்கேயே நின்றுவிடும்.
ஐம்பத்துநான்கு வயது, மூன்று பிள்ளை, இரவுப் பணி,
பெயர் வரவில்லை.

கூடத்துச் சுவரில் ஒரு படம் உண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று:
வெள்ளைக் கையுறை அணிந்த நாற்பது பெண்கள்,
சட்டத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு
தேநீர்த் தட்டு ஏந்திய ஒரு கறுப்புக் கை.
எண்ணிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்:
"அது ஓட்டெஸ்ஸா. என் அத்தை."
பிறகு, "பதினெட்டு, பத்தொன்பது."

பேச மூன்று நிமிஷம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
யோலாண்டா மைக்கைத் தாண்டிப் போய்
முதல் நாற்காலிக்காரர் மடியில் மூட்டையை வைத்தாள்.
"எழுந்து நின்று கொஞ்சம் பிடித்திருங்கள், ஐயா,
நான் முடிக்கும்வரை."
அவர் பிடித்தார். மரியாதைக்காரர்.
அவள் தன் பெயரைச் சொன்னாள். நிறுத்தத்தின் எண்ணைச் சொன்னாள்.
பிறகு பேசாமல் நின்றாள்.
மஞ்சள் எரிந்தபோது அவர் இடுப்பை மாற்றினார்.
யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்.
சிவப்பு.

ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

மே கடைசியில் கிடங்கு வாசலில் ஒரு கம்பம் முளைத்தது,
உச்சியில் எட்டு.
பெஞ்சு இல்லை. கூரை இல்லை.
கேட்டிருக்கிறோம்.

ஜூன் முதல் சனிக்கிழமை, பத்தரை மணிக்கே
நான்காம் அளவு தீர்ந்துபோனது.
வெளியே வரிசையில் இன்னும் ஒன்பது பேர்,
ஒரு பிள்ளை கம்பத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.
அன்றைய குறிப்பில் இப்படி எழுதினேன்:
யோலாண்டா நான்கு கடைகளுக்குப் போன் செய்தாள்.
கெல்சி கோட்டைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தாள்.
வாங்கியது போதவில்லை.
நான் எண்ணினேன்.