பப்பாசி ஒன்று

உட்துறைமுக வீதி மண்டபம்.
மின்விசிறி மூன்று, சுழல்வது ஒன்று.
கொழும்பிலிருந்து வந்த தம்பி ஹசங்க
பெட்டியை மேசையில் வைத்து
புடவைக் கடைக்காரன் சேலை விரிப்பதுபோல
வயரை விரித்தான்.
ஒத்திகைதான், பயப்பட வேண்டாம்,
கட்சியில்லை, ஆளில்லை, பழங்கள் மட்டும்.
மாம்பழம், அன்னாசி, தோடை, பப்பாசி.

ஐம்பத்திரண்டு பேர்.
நிலாவெளி, மூதூர், கிண்ணியா,
கந்தளாயிலிருந்தும் ஒரு வான்.
ஒவ்வொருவராய்த் தட்டிக்குப் பின்னால் போனோம்.
அழுத்தினால் கீச்சென்றது,
கோழிக்குஞ்சு மாதிரி. அவ்வளவுதான்.
ஜெஸீமா வெளியே வந்து
தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"சொல்லிட்டன் சேர்.
ஆருக்குச் சொன்னெண்டு தெரியா."

நான் பதினொரு தேர்தல் எண்ணியவன்.
கணக்குப் படிப்பிப்பவர்களை விடமாட்டார்கள்.
புள்ளடி எனக்கு உண்மையிலேயே பறவையின் காலடி.
ஈர மணலில் அது கிடந்தால்
கொக்கைக் காணாவிட்டாலும்
கொக்கு வந்து போனதென்று சொல்லலாம்.
சிலது கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கும்.
சிலது நடுங்கியிருக்கும்.
ஒருமுறை ஒரு தாளில் புள்ளடியே இல்லை,
'என்ட மகன் எங்கே' என்றிருந்தது.
நிராகரித்த கட்டில் வைத்தோம்.
வைக்குமுன்
ஏழு கட்சி முகவர்களும் அதை வாசித்தார்கள்.

விடியப்புறம் மூன்று மணிக்கு
தாளை டியூப் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன்.
தோற்கப்போகிறவனின் ஆள் கழுத்தை நீட்டி
"இன்னொருக்கா எண்ணுங்கோ" என்பான்.
எண்ணுவோம்.
அந்த மண்டபத்தில் சந்தேகத்துக்கும்
ஒரு கதிரை போட்டு பிளேன்டீ கொடுத்திருந்தோம்.
எழும்பிப் போகையில்
ஊரைத் திட்டுவான், சனத்தைத் திட்டுவான்,
எண்ணிக்கையை ஒன்றும் சொல்லமாட்டான்.

தாள் யோக்கியமென்று சொல்லவில்லை.
செத்தவர்கள் வரிசையில் நின்ற கதை உண்டு.
படகில் வரும் வழியில்
பெட்டி கனத்துப்போன கதையும் உண்டு.
ஆனால் அந்தக் களவுக்கு
ஓர் இரவு வேண்டும், ஒரு படகு வேண்டும்,
நாலு ஆள் வேண்டும்.
நாலு பேரில் ஒருவன்
என்றைக்காவது குடித்துவிட்டு உளறுவான்.

திரையில் முடிவு வந்தது.
மாம்பழம் முப்பத்தொன்று.
அன்னாசி பதினாலு.
தோடை ஆறு.
பப்பாசி ஒன்று.
கூட்டிப் பார்த்தேன், சரி.
கைதட்டினார்கள்.
"ஆர் அந்தப் பப்பாசி?" என்று யாரோ கேட்க
மண்டபமே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
பப்பாசியை அழுத்தியவன் நான்.

கிண்ணியாப் பாலத்தில் வான் ஏறும்போது
ஜெஸீமா முன்னால் குனிந்து மெல்லச் சொன்னாள்:
"சேர், அந்தப் பப்பாசி நான்தான்."
பின் இருக்கையில் விமலகாந்தன் இருமினார்.
"அப்ப நான் அமத்தினது?"

ஒருவர் பகிடிக்குச் சொல்லியிருக்கலாம்.
ஒருவருக்கு விரல் தவறியிருக்கலாம்.
எனக்கே இப்போது
என் விரல் எங்கே இருந்ததென்று நிச்சயமில்லை.
ஹசங்கவுக்குப் போன் எடுத்தேன்.
"மிஷின் பிழை விடாது சேர்" என்றான்.
நல்ல பிள்ளை. அவனை நம்புகிறேன்.
கொட்டிப் பார்க்கத்தான் ஒன்றுமில்லை.

பாலம் கழிந்து
வீதியோரக் கடையில் வானை நிறுத்தச் சொன்னோம்,
ஒரு பப்பாசி வாங்கி மூன்றாய்ப் பிளக்க.
கடைக்காரன் பழத்தை எடுத்தான்,
தராசில் சிவப்பு இலக்கங்கள் எரிந்தன.
ஜெஸீமா தன் பையைக் கிளறி
காலையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை எடுத்தாள்.
"முதல்ல இத வை."

அவன் கோவிக்கவில்லை.
வைத்தான்.
நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.